அரை இஞ்ச் பொறாமை

பொறாமை அந்தத் தையல்காரிக்குத் தாய்வழிச் சொத்து. அவள் அம்மாவும் பெரியம்மாவும் அடுத்தடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். பெரியம்மா வீட்டில் குழாய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, அம்மாவுக்குத் தெருமுனைக் குழாய்தான். அந்த ஒரு காரணத்துக்காக அம்மாக்காரி இருபத்திரண்டு வருஷம் தன் அக்கா வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது விக்கல் எடுத்தால் எழுந்து தன் வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாளாம். அந்த வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

மற்றபடி தங்கமான மனுஷி. பழைய துணியைப் பிரித்துப் பிடித்துக் கொடுக்கிற கடையில் பதினாலு வருஷமாக வேலை. ஒருவருக்கு உடம்பு இளைத்திருக்கும், ஒருவருக்குப் பெருத்திருக்கும். யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது ஊரில் முதலில் தெரிவது அவளுக்குத்தான். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது.

அந்தக் கடை மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. அளவு டேப்பின் நுனி நைந்து நூல் பிரிந்துவிட்டால் டேப்பைத் தூக்கி எறிய மாட்டார். முதல் ஒரு இஞ்சை மட்டும் கத்தரித்துவிட்டு, “ஒண்ணைக் கழிச்சுக்க” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கடையில் இருந்த மூன்று டேப்புமே ஒன்றிலிருந்து ஆரம்பிப்பவைதான். முப்பத்தாறு என்று காட்டினால் முப்பத்தைந்து. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குக் கை அளக்கும்போதே மனசு கழித்துவிடும்.

அவள் புகுந்த வீடு இரண்டு மாடி, அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கீழே மூத்தவனும் அவன் பெண்டாட்டியான இந்தத் தையல்காரியும். மேலே இளையவனும் அவன் பெண்டாட்டியும். மூத்தவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலையைப் போலத்தான் ஆளும். மேலேயும் போவான், கீழேயும் வருவான், ஒரு பேச்சிலும் நிலைத்து நிற்க மாட்டான். இளையவன் ஊர் ஊராக மருந்து விற்கப் போகிறவன், பாதி மாதம் வீட்டில் இருப்பதில்லை. அவன் பெண்டாட்டிக்குக் கைப்பேசிக் கடையில் விற்பனை வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இப்போது வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். யாராவது கேட்டால், “ஸ்டாக் வரலைங்க, வந்ததும் சொல்றோம்” என்பாள். அப்படிப்பட்ட வாய்.

தையல்காரிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், ஏழு வயது, வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இளையது பையன், பிறந்து நாலே மாதம், குட்டி. குட்டி பிறந்ததிலிருந்துதான் வினை பிடித்தது. அவன் அழுகிறான் என்று வாலு தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் படுக்கப் போனாள். ஒரு நாளைக்கு என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு தலை பின்னுவதும் மேலே, வீட்டுப்பாடமும் மேலே. கீழே வந்தால் வாயில் “சித்தி சொன்னாங்க” தவிர வேறு பேச்சில்லை. சித்தி சொன்னாங்க, நகத்தைக் கடிக்கக் கூடாதாம். இதைத்தானே இவள் மூன்று வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தினாள்? அப்போதெல்லாம் கேட்காத காது இப்போது எங்கிருந்து முளைத்தது?

ஓரகத்தி மேல் குறை சொல்லவும் ஒன்றும் இல்லை. குறை இருந்தாலாவது மனசு ஆறும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் இளையவள் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். அந்த வருஷம் கடையில் அதிகம் விற்றது அவள்தானாம். பரிசாகத் தீம் பார்க்கில் மூன்று நாள்.

“நாலு பேருக்குக்கா! தங்க ரூமு, சாப்பாடு, எல்லா ராட்டினமும். அவருக்கு லீவு கிடைக்காதாம். அதனால நீங்க, மாமா, வாலு, நான். குட்டிக்கு டிக்கெட்டே வேணாம்.”

“நாலு மாசக் குழந்தையைத் தூக்கிட்டு ராட்டினத்துக்கா? அவனுக்குக் கழுத்தே இப்பத்தான் நின்னுருக்கு.”

“அவனை யாரு ஏறச் சொன்னா? நீங்க அவனை வெச்சுக்கிட்டு நிழல்ல ஜம்முனு உக்காருங்க. வாலுவை நான் பாத்துக்கறேன்.”

வாலு அங்கேயே நாலு குதி குதித்தாள். தையல்காரி சிரித்து வைத்தாள். அந்தக் கடைசி மூன்று வார்த்தை மட்டும் மீன் முள்ளாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அன்றிலிருந்து தையல் மிதிக்கும்போதெல்லாம் அதே கணக்குதான். குழந்தையோடு போனால் இவள் மூன்று நாளும் பெஞ்சில் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே பறக்கும்போது வாலு கையைப் பிடித்துக்கொண்டு கத்துவது சித்தி. சரி, போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றால் அது இன்னும் மோசம். மூன்று நாள் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்து, திரும்பி வரும்போது பெண் முழுசாகச் சித்தி பெண்ணாகவே வருவாள். பிள்ளையின் முதல் பெரிய சந்தோஷம், அதில் பெற்றவள் இல்லை. வளர்ந்த பிறகு நினைத்துப் பார்த்தாலும் பக்கத்து சீட்டில் இவள் முகம் இருக்காது.

புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள்.

“நீ சொல்றதும் சரிதான். அவ சொல்றதும் சரிதான்” என்றான் லிஃப்ட்காரன்.

“அப்ப எதுதான் தப்பு?”

“நான் வாயைத் தொறந்தது.”

குட்டிக்கு ஊசி போடும் நாள் வந்தது. நர்ஸம்மா கண்டிப்பானவள், ஒரு தும்மலுக்கே அதட்டுகிறவள். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பயணமே நின்றுவிடும், பழி யார் மேலும் விழாது. பெரிய நம்பிக்கையோடு போய்க் கேட்டாள்.

“வெயில்ல வெக்காதீங்க. கூட்டத்துல ஆளாளுக்குக் கைமாத்தாதீங்க. ஸ்பீக்கர் அலறுற இடத்துல உக்காராதீங்க. மத்தபடி பால் குடிக்கிற பிள்ளை, பால் இருக்கிற இடம்தான் அவனுக்கு ஊரு. தாராளமா போயிட்டு வாங்க.”

“சளி பிடிச்சுக்காதா?”

“இப்ப சளி இருக்கா?”

“இப்ப இல்ல. வந்துட்டா?”

“வந்தா பாக்கலாம்.”

“வண்டியில ஆறு மணி நேரம் ஆகும்…”

“தூங்கிட்டே வருவான்.” நர்ஸம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு இவளை நிமிர்ந்து பார்த்தாள். “ஏம்மா, உங்களுக்குப் போக இஷ்டம் இல்லையா?”

ஊசி குத்தியது குட்டிக்கு. முகம் சுருங்கியது இவளுக்கு.

நர்ஸ் கைவிட்டால் என்ன, பெற்றவளுக்கு மேல் யார்? பிள்ளை ரொம்பச் சின்னவன், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், யாரும் போக வேண்டாம். இதை அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். வாலு இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் சரியாகிவிடுவாள். கடைவிட்டு வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, குட்டிக்குப் பால் கொடுத்து, வாசகத்தை இரண்டு தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு மாடி ஏறினாள்.

மேலே கதவு நிலையோடு ஒட்டி வாலு விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். காலடியில் மண்டியிட்டிருந்தாள் இளையவள். கையில் அளவு டேப். கடையில் இருந்து வந்த டேப்தான். பையைக் கீழே வைத்த உடனே வாலு உருவிக்கொண்டு மேலே ஓடியிருக்கிறாள். பக்கத்தில் பார்க்கின் விளம்பரத்தாள் விரிந்து கிடந்தது. மலைபோல் ஏறித் தலைகீழாகச் சுழன்று இறங்குகிற ராட்டினம், அதன் கீழே ‘நான்கு அடிக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தது.

“அசையாதடி… நாப்பத்தெட்டு… நாப்பத்தெட்டரை! நாலடிக்கு மேல அரை இஞ்ச்!”

“சித்தி! அப்ப நான் ஏறலாமா?”

“ஏறலாமாவா? நாம ரெண்டு பேரும் முதல் வரிசைடி. கையை விட்டுட்டுக் கத்தறோம்!”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சுற்றினார்கள். தையல்காரியின் மனசு பழக்கதோஷத்தில் கழித்துவிட்டது. நாற்பத்தேழரை. அரை இஞ்ச் போதாது.

வாயைத் திறந்தாள். ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டும், ‘ஒண்ணைக் கழிக்கணும்’ என்று. வாலு அப்போது சித்தியின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். அம்மா வந்து நிற்பதை இன்னும் பார்க்கவில்லை.

திறந்த வாயிலிருந்து வேறு பேச்சு வந்தது.

“நாங்களும் வர்றோம். குழந்தையையும் தூக்கிக்கிட்டு.”

“அய்யோ, அக்கான்னா அக்காதான்!” என்று இளையவள் அவளையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அந்த அணைப்புக்குள் நின்றுகொண்டு அவள் நினைத்தது இதுதான். ஊர் பார்க்க வரிசையில் நின்று இரண்டு பேரும் திரும்பி வருவார்கள். வாக்குக் கொடுத்த சித்தியின் முகம் சுருங்கும். அழுகிற பிள்ளை யாரிடம் ஓடி வரும்? பெற்றவளிடம்தானே? அப்போது நான் அங்கே பெஞ்சில் இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று பத்து நாள் குழம்பியவளுக்கு ஒரு நொடியில் தெளிவு பிறந்தது இப்படித்தான்.

கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் வாலு மாடிப்படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, “ஊஊஊ” என்று ராட்டினத்தில் போகப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. கடையில் தையல்காரி ஒருவருடைய கால்சட்டையை ஒரு இஞ்ச் நீளமாக மடித்து அடித்துவிட்டாள். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“ஒண்ணைக் கழிக்க மறந்துட்டியா? பதினாலு வருஷத்துல இன்னிக்குத்தான் பாக்கறேன். புத்தி எங்கம்மா இருக்கு?”

“குழந்தை நினைப்பு மாஸ்டர்” என்றாள். பொய்யும் இல்லை. எந்தக் குழந்தை என்று அவர் கேட்கவில்லை.

நர்ஸம்மா சொன்னது அப்படியே பலித்தது. குட்டி வண்டியில் ஆறு மணி நேரமும் தூங்கினான். முதல் நாள் பொம்மை ரயில், தண்ணீர்ப் படகு என்று கழிந்தது. இரண்டாம் நாள் காலையில் பெரிய ராட்டினத்துக்கு வரிசை. எதிரே மரத்தடிப் பெஞ்சில் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு தையல்காரி இடம் பிடித்துவிட்டாள். லிஃப்ட்காரன் அந்த ராட்டினத்துக்கு எத்தனை மோட்டார் என்று விசாரிக்கப் போனவன் திரும்பவே இல்லை.

வரிசை நகர்ந்தது. வாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிக் கையாட்டினாள். சித்திக்கு இல்லை, அம்மாவுக்கு. அதை இவள் எதிர்பார்த்திருக்கவில்லை. எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. குட்டி அப்போதுதான் கண் அசந்திருந்தான். அதைச் சாக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

வாசலில் உயரக் கோல் வைத்திருந்தவன் வாலுவை நிறுத்தினான்.

“குதிகாலைக் கீழ வை பாப்பா… இல்லீங்க, பத்தாது.”

“என்னங்க பத்தாது? வீட்ல அளந்துட்டுத்தானே வந்தோம்” என்றாள் இளையவள்.

“அரை இஞ்ச் கம்மிங்க.”

“உங்க கோல்தான் தப்பா இருக்கும்! எங்கக்கா தையல்காரங்க. அவங்க டேப்புலயே அளந்தது. பதினாலு வருஷ சர்வீஸு, அவங்க அளவு நூல் பிசகாது, தெரியுமா?”

பெஞ்சு வரைக்கும் கேட்டது. வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரிக்குக் காது மடல் சுட்டது. பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ ஒருத்தர்கூட அவள் கைவேலைக்காக இப்படிச் சண்டை போட்டதில்லை.

கோல்காரன் அசையவில்லை. இரண்டு பேரும் வரிசையை விட்டு வெளியே வந்தார்கள். இவள் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது. வாலு நேராக அம்மாவிடம்தான் வந்தாள். ஆனால் அழவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

“அம்மா, உங்க டேப்பு தப்பா?”

“தப்பில்ல கண்ணு. அதுல ஒண்ணைக் கழிக்கணும்.”

“அது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றும் சொல்லலாம். பிள்ளை நம்பிவிடும். பின்னால் இளையவள் வந்து நின்றிருந்தாள், மூக்கெல்லாம் சிவந்து, இவளுக்காகப் போட்ட சண்டையின் மூச்சிரைப்பு இன்னும் அடங்காமல்.

“தெரியும்” என்றாள். “அன்னிக்கு நீங்க அளக்கும்போதே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீ சித்தியோட ஏறுறது எனக்குப் பிடிக்கல.”

வாலு சொன்னாள், “நீங்களும் ஏற மாட்டீங்க. என்னையும் ஏற விட மாட்டீங்க.”

இளையவள் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தாள்.

“என்னை வரிசையில நிக்க வெச்சு அசிங்கப்படுத்துனீங்க, சரி. நான் வளந்தவ, தாங்கிக்குவேன். இந்தப் பிள்ளை நாலு நாளா படியில உக்காந்து கையைத் தூக்கித் தூக்கிப் பழகுச்சே, அதைப் பாத்துமா வாய் வரல?”

“வரல” என்றாள் தையல்காரி. “தலை பின்னுறதும் நீ, பாடம் சொல்றதும் நீ. நான் சொன்னா கேக்காத நகம் நீ சொன்னா வளருது. எனக்கு வயிறு எரியுது. என்ன பண்ணச் சொல்ற?”

“பிடிக்கலன்னா ‘எம் பொண்ணைக் கீழ அனுப்பு’ன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? நானா கட்டிப் போட்டு வெச்சிருக்கேன்? அவ தூக்கத்துல விடற உதை வாங்கி எனக்கு இடுப்பே போச்சு!”

தையல்காரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். இளையவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

“குட்டியைக் கொடுங்க.”

“எதுக்கு?”

“அதோ, பெட்டி பெட்டியா தொங்குதே, அந்த வட்ட ராட்டினம். பெரியவங்க கூட இருந்தா உயரம் கேக்க மாட்டாங்க. அவளைக் கூட்டிட்டுப் போய் ஏறுங்க.”

“எனக்கு மொட்டை மாடியில துணி காயப் போட்டாலே தலை சுத்தும்.”

“சுத்தட்டும்.”

அக்கா என்று சேர்க்காமல் அவள் பேசி இவள் கேட்டதில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

ஒரே இருக்கைதான், ஆனால் வாலு அந்த ஓரம், இவள் இந்த ஓரம். நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாலு கம்பியைப் பிடித்திருந்தாள். பெட்டி ஒரு குலுக்கலோடு தரையை விட்டதும் தையல்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வயிறு ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் ஏறுகிற மாதிரி இருந்தது. பாதி உயரத்தில் காற்று அடித்துப் பெட்டி ஆடியபோது, “யம்மா! தாயே! என்னை விட்ருங்கடா!” என்று அவள் போட்ட சத்தத்தில் மேல் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“கீழ பாக்காதீங்க” என்றாள் வாலு, முகத்தைத் திருப்பாமலே. “தூரத்துல பாருங்க. சித்தி அப்படித்தான் சொன்னாங்க.”

சித்தி சொன்னாங்க. இந்த உயரத்திலுமா? ஆனாலும் வேறு வழி இல்லை. கண்ணைத் திறந்து தூரத்தில் பார்த்தாள். சித்தி சொன்னது சரியாகத்தான் இருந்தது. கூரைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, வெளியே வரிசையாக நின்ற வண்டிகள். தலை கொஞ்சம் நின்றது.

“இன்னொரு தடவை கத்துங்கம்மா” என்றாள் வாலு.

“எதுக்கு?”

“‘விட்ருங்கடா’ன்னு கத்துனீங்களே, அது நல்லா இருந்துச்சு.”

இரண்டாம் சுற்றில் இரண்டு பேருமாகச் சேர்ந்து கத்தினார்கள். உச்சிக்குப் போனபோது வாலு கையைத் தூக்கினாள். பிறகு கம்பிக்கு வெளியே எட்டி, “அம்மா, கீழ பாருங்க, குட்டி!” என்றாள்.

பார்க்கக் கூடாது என்று சொன்னவளே பார்க்கச் சொன்னாள். பார்த்தாள். மரத்தடியில் இளையவள் குட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். பெட்டி கொஞ்சம் இறங்கிய பிறகுதான் காதில் விழுந்தது.

“அக்கா! சிரிக்கறான்க்கா! சத்தம் போட்டுச் சிரிக்கறான்!”

குட்டி அதுவரை சத்தம் போட்டுச் சிரித்ததே இல்லை. இதழ் விரிப்பான், அவ்வளவுதான். நாலு மாதமாக இவள் கிலுகிலுப்பை ஆட்டி, பூனை மாதிரி கத்தி, தலையில் துணியைப் போட்டு எடுத்து, என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறாள். அந்த முதல் சிரிப்பு இப்போது வருகிறது, வேறொருத்தி கையில், பெற்றவள் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது!

சுர்ரென்று வயிற்றில் பற்றிக்கொண்டது.

“நிறுத்துங்க! ஏய், வண்டியை நிறுத்துங்கப்பா! நான் இறங்கணும்!”

யார் நிறுத்துவார்கள்? பெட்டி தரையைத் தொடுகிற மாதிரி வந்து, குட்டியின் ஆடுகிற காலை மட்டும் காட்டிவிட்டு, மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போனது. கழுத்து சுளுக்குகிற அளவுக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இப்ப இறங்க முடியாதும்மா, இன்னும் மூணு சுத்து இருக்கு” என்று சொல்லிவிட்டு, இருக்கையில் நகர்ந்து நகர்ந்து அம்மாவின் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டாள்.